குத்தாமல் நின்ற ஊக்கு

அத்தியாயம் 9

"துப்பாக்கி மைக்குன்னா சுடுமாங்க?"

தேசப்பன் கேட்டான். மேசையில் கிடந்த நீளமான கறுப்புக் குழாயைத் தொடாமல், எட்டி நின்று பார்த்தான்.

"கன் மைக். சுடாது. எந்தப் பக்கம் நீட்டறமோ அந்தப் பக்கம் மட்டும் கேக்கும்" என்றாள் கலைமதி.

"எங்க மாமனாரு மாதிரி. அவரு பொண்ணு பக்கம் மட்டுந்தான் கேப்பாரு."

கலைமதி சிரிக்கவில்லை. மரக்காணம் பஸ் நிலையத்துக்குப் பின்னால், மாடியில் அவள் வாடகைக்கு எடுத்திருந்த அறை அது. உப்பளத்து மனிதர்களின் பேச்சை அவர்கள் வேலை செய்யும் இடத்திலேயே பதிவு செய்து சேர்த்து வைப்பது அவள் வேலை. போன மாதம் வரைக்கும் அதை ஆசையோடு செய்துகொண்டிருந்தாள். இப்போது மைக்குகளைப் பார்க்கும்போதே கண் கலங்கியது.

தையல்நாயகி வாயில் ஒரு கிராம்பைப் போட்டுக்கொண்டாள். திண்டிவனத்தில் ஒரு ஜெராக்ஸ் கடையின் மாடியில் துப்பறியும் அலுவலகம் நடத்துகிறவள். நாற்பது வயது. கிராம்பு வாயில் இருக்கும்வரை அவள் பேச மாட்டாள். எதிரில் இருப்பவர்கள் அந்த மௌனம் தாங்காமல் பேசிவிடுவார்கள். தேசப்பன் அவளுடைய உதவியாளன். வண்டி ஓட்டுவதும் அவன்தான், வாய் ஓயாமல் பேசுவதும் அவன்தான்.

வழக்கு சின்னது. ஆனால் கனமானது. உப்பளத்தில் மோட்டார் பார்த்துக்கொண்டிருந்த சவரிமுத்து, உப்புத் தண்ணீர்க் குட்டையில் மின்சாரம் பாய்ந்து இறந்துபோனார். மேஸ்திரி குப்புசாமி, "அவனே சுவிட்சப் போட்டுட்டு அவனே தண்ணியில எறங்கிட்டான்" என்று சொன்னார். அன்று விடியற்காலையில் சவரிமுத்துவின் மனைவி மேரிசெல்வி, தெருவே கேட்கும்படி, "அந்தத் தண்ணியிலயே செத்துத் தொலை" என்று கத்தியிருந்தாள். ஊர் இரண்டையும் சேர்த்து முடிச்சுப் போட்டுவிட்டது. புதுச்சேரிக்குத் தினமும் போய்வந்து நர்சிங் படிக்கும் மகள் பிரியதர்ஷினியும் அந்த முடிச்சை நம்பினாள். ஒரே வீட்டில் இருந்துகொண்டு அம்மாவோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். அதே மகள்தான் தையல்நாயகியைத் தேடி வந்தவள்.

"எங்கப்பா தானா செத்தாரா, இல்ல சாவு வந்து தூக்கிட்டுப் போச்சா? அது மட்டும் சொல்லுங்க மேடம். வேற எதுவும் வேணாம்."

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லக்கூடிய ஒரே சாட்சி, சுண்டு விரல் நீளம்கூட இல்லாத ஒரு மைக். அது காணாமல் போயிருந்தது.

"அன்னிக்கி எதுக்கு இந்தக் கன் மைக்க வெச்சிட்டு, சின்ன மைக்க எடுத்தீங்க?" என்று, கிராம்பை மென்று விழுங்கிவிட்டு, தையல்நாயகி கேட்டாள்.

"இத நீட்டினா ஜனங்க பேசற விதமே மாறிடுதுங்க. டிவியில செய்தி வாசிக்கற மாதிரி பேசறாங்க. சட்டையில மாட்டற காலர் மைக்குன்னா அஞ்சு நிமிஷத்துல அது இருக்கறதையே மறந்துடுவாங்க. ஆனா அதுல ஒரு தொல்லை இருக்குது. அது எல்லாப் பக்கமும் கேக்கும். பக்கத்துல யாரு பேசினாலும் புடிச்சிடும். அந்தத் தொல்லைக்குப் பயந்துதான் ரொம்ப யோசிச்சேன். கடைசியில சவரிமுத்து அண்ணன் சட்டைப் பாக்கெட்டுல அதையே மாட்டினேன்."

"மாட்டறதுன்னா ஊக்கு போட்டா?"

"இல்லைங்க, காந்தம்." கலைமதி அதன் ஜோடி மைக்கை எடுத்தாள். காற்று இரையாமல் இருக்க அதன் தலையில் அணில் வால் போல ஒரு முடிக் குல்லாய். "துணிக்கு வெளிய மைக்கு, உள்ள இந்தக் காந்தம்."

தேசப்பன் குனிந்து பார்த்தான். அவன் விரலில் தொங்கிய வண்டிச் சாவி துள்ளிப் போய் மைக்கில் ஒட்டிக்கொண்டது.

"ஐயோ, அக்கா! இதுக்கு என் வண்டி மேல ஆச வந்துடுச்சி."

தையல்நாயகி பெட்டியைப் பார்த்தாள். பஞ்சில் இரண்டு குழிகள். ஒன்றின் மைக் கலைமதியின் கையில் இருந்தது. மற்றதன் மைக் இல்லை.

கலைமதி ரெக்கார்டரை ஓட விட்டாள். நடந்துகொண்டே கண்ணில் படுவதற்கெல்லாம் பெயர் சொல்லும்படி சவரிமுத்துவிடம் கேட்டிருந்தாள். கொஞ்சம் வெட்கம் கலந்த ஒரு ஆண் குரல் அறையில் நடந்தது.

"இது பாத்தி... இது வரப்பு... நண்டு ஓடுது பாரு, இதுக்கும் பேரு சொல்லணுமா?... இது வாய்க்கா..."

கர்ர்ர் என்று ஒரு இரைச்சல். பிறகு ஒன்றுமில்லை.

"உப்புக் குவியலுக்குப் பின்னால போயிட்டாரு. குறுக்க அவ்வளவு உப்பு இருந்தா எனக்கு சிக்னல் வராது. ஆனா அந்த மைக்குக்குள்ளயே ஒரு மெமரி இருக்குது. எனக்கு வரலன்னாலும் அதுக்குள்ள பதிவாகிக்கிட்டேதான் இருக்கும்."

"இது யாருக்கெல்லாம் தெரியும்?"

"மாட்டும்போது அண்ணன்கிட்ட சொன்னேன். பக்கத்துல மேஸ்திரி நின்னாரு. பொம்பளைங்கல்லாம் தூரத்துல வேலையா இருந்தாங்க."

தேசப்பன் தையல்நாயகியின் காதருகே வந்தான். "முடிஞ்சிதுக்கா. மேஸ்திரி. சாயங்காலம் ஊரு போய்ச் சேந்துடலாம்."

தையல்நாயகி இன்னொரு கிராம்பை எடுத்தாள்.

*

உப்பளத்தில் வெயில் மேலேயிருந்தும் வந்தது, கீழேயிருந்தும் வந்தது. பாத்திகள் கண்ணாடி விரித்ததுபோல் கிடந்தன. தேசப்பன் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு, வரப்பில் விழாமல் இருக்க இரண்டு கைகளையும் விரித்து நடந்தான்.

"கடல்ல நடந்தாக்கூட எனக்கு பயம் இல்லக்கா. இதுல விழுந்தா கருவாடுதான்."

மோட்டார் கொட்டகை வாசலில் குப்புசாமி உட்கார்ந்திருந்தார். ஐம்பது வயதுக்காரர். சவரம் செய்து பல நாள் ஆன முகம். அவர்கள் பெயர் சொல்வதற்கு முன்பே எழுந்துவிட்டார்.

"அந்த மைக்கு கெடச்சிச்சாம்மா?"

"இன்னும் இல்ல. நீங்க தேடினீங்களா?"

"தேடாத எடமில்ல. குட்டையில எறங்கித் துழாவிப் பாத்தேன். இங்க வேல செய்யற ஒருத்தர் விடாம எல்லாரையும் கேட்டுட்டேன். 'அவன் பேசினதெல்லாம் அதுக்குள்ள இருக்குதாம், யாரு கையிலயாவது ஆப்புட்டா குடுங்க'ன்னு."

"சவரிமுத்து குட்டையில எறங்கும்போது நீங்க எங்க இருந்தீங்க?"

"நானு... அந்தக் குவியலாண்ட. தார்ப்பாய் கட்டினு இருந்தேன்."

அவர் சட்டைப் பையில் போன் அடித்தது. குப்புசாமி தேள் கொட்டியதுபோல் அதிர்ந்தார். எடுக்கவில்லை. அது அடித்து, ஓய்ந்து, மறுபடி அடித்தது. பிளாஸ்டிக் உறைக்குள் சுற்றி வைத்திருந்த போனை வெளியே எடுத்துப் பார்த்தார். 'மொதலாளி' என்று தெரிந்தது. திரும்ப உள்ளே வைத்துவிட்டார்.

"எடுங்க மேஸ்திரி. உங்க வூட்டுக்காரின்னா நாங்க காத மூடிக்கறோம்" என்றான் தேசப்பன்.

"வேணாம்பா. இப்பல்லாம் நேர்ல போய்ச் சொல்லிட்டு வந்துடறேன்."

தையல்நாயகி கொட்டகைக்குள் எட்டிப் பார்த்தாள். சுவரில் சுவிட்ச் போர்டு. அதன் பக்கத்திலேயே ஒரு ஆணி. கொட்டகைக்கு வெளியே நாலைந்து அடியில் குட்டை. வயர் மட்டும் புதியதாக இருந்தது.

"இந்த ஆணி எதுக்கு?"

"சட்ட மாட்ட. குட்டையில எறங்கறவன் சட்டையோட எறங்க மாட்டான். உப்புத் தண்ணி பட்டா துணி தகடு மாதிரி ஆயிடும்."

"அன்னிக்கி சவரிமுத்து சட்டை இதுல இருந்துச்சா?"

குப்புசாமி ஆணியிலிருந்து பார்வையை எடுத்தார். "பாக்கலம்மா. அவனத் தூக்கினு ஓடினோம். சட்டைய யாரு பாத்தா?"

அவர்கள் திரும்பி வரப்பில் நடந்தபோது தேசப்பன் பொறுமை இழந்தான்.

"அக்கா, அந்தாளு பொய் சொல்றாரு. மூஞ்சியிலயே எழுதி ஒட்டியிருக்குது."

"ஆமா. பொய் சொல்றாரு. ஆனா மைக்கு அவருகிட்ட இல்ல."

"எப்படி?"

"கையில இருந்தா எதுக்குடா தெனம் தேடறாரு? அதுவும் ஊரையே கூட்டிக் கேட்டு? அவருக்கு அது வேணும். கெடைக்கல. இப்ப யோசி. மைக்க மட்டும் யாரும் எடுக்கல. சட்டையோட போயிருக்குது. ஒரு ஆம்பள சட்டைய இந்த உப்பளத்துல யாரு கண்ணுலயும் படாம எங்க வெக்கலாம்?"

தேசப்பன் சுற்றிப் பார்த்தான். பாத்திகளில் பத்துப் பதினைந்து பெண்கள் உப்பு வாரிக்கொண்டிருந்தார்கள். தலையில் துண்டு, காலில் கிழிந்த சாக்ஸ். வெயிலும் உப்பும் உடம்பில் படாமல் இருக்க, புடவைக்கு மேல் எல்லோருமே முழுக்கை ஆண் சட்டை போட்டிருந்தார்கள். புருஷன் சட்டை, அண்ணன் சட்டை, மகன் சட்டை.

அவன் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினான்.

"அக்கா, இங்க எல்லாரும் சட்டதான் போட்டிருக்காங்க."

"அதான்."

கூடை சுமக்கிற பெண்களின் சட்டைகள் தோளில் வெள்ளை பூத்திருந்தன. தலைச்சுமையிலிருந்து உப்பு நீர் வடிந்து காய்ந்த கறை. ஒருத்தி மட்டும் கூடை தூக்கவில்லை. ஓரத்தில் தனியாக நின்று பலகையால் உப்பை இழுத்துக்கொண்டிருந்தாள். அவள் தோளில் வெள்ளை இல்லை. பை ஓரத்தில் கறுப்பாக எண்ணெய்க் கறை இருந்தது. மோட்டார் தொடுகிற கையின் கறை.

மேரிசெல்வி.

அவர்கள் வருவதைப் பார்த்ததும் அவள் பலகையை ஊன்றி நின்றாள். தலைத்துண்டு அவிழ்ந்திருந்தது. பழைய, நிறம் போன துண்டு. அதை இறுக்கிக் கட்டினாள்.

"இன்னா விசயம்? எம் பொண்ணு அனுப்பினாளா?"

"ஆமாம்மா" என்றான் தேசப்பன். தையல்நாயகி ஒரு கிராம்பை வாயில் போட்டுக்கொண்டாள்.

"எங்கிட்ட கேக்கறதுக்கு அவளுக்கு வாய் இல்ல. ஆளு வெச்சிக் கேக்கறா." அதில் கோபம் இல்லை. களைப்புதான் இருந்தது. "கேளுங்க. நான்தான் சொன்னேன், செத்துத் தொலைன்னு. எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே."

துண்டு கட்டுவதற்காகப் பல்லில் கடித்திருந்த ஊக்கை அவள் கையில் எடுத்தாள். தேவைப்படவில்லை. அதை மூடி, யோசிக்காமல், சட்டைப் பை மேல் வைத்துவிட்டுக் கையை எடுத்தாள்.

ஊக்கு விழவில்லை.

குத்தவில்லை. வைத்தாள். நின்றது.

தையல்நாயகி வாயிலிருந்த கிராம்பைக் கடித்து விழுங்கினாள். தேசப்பன் தன் வண்டிச் சாவியைப் பார்த்தான், பிறகு அந்த ஊக்கைப் பார்த்தான். அவனுக்கு அப்போது ஒரு சிரிப்பும் வரவில்லை.

"எத்தன நாளா இத உங்ககூட வெச்சிருக்கீங்க?" என்று தையல்நாயகி மெதுவாகக் கேட்டாள்.

மேரிசெல்வியின் கை பையை மூடிக்கொண்டது.

"அவரத் தூக்கினு போனாங்க. சட்ட மட்டும் ஆணியில தொங்குச்சி. அத அங்க வுட்டுட்டு வர மனசு வரல. நான் எம் புருசன் சட்டையதான் எடுத்தேன். எதையும் திருடல."

"உள்ள மைக்கு இருக்குதுன்னு எப்பத் தெரியும்?"

"சிவப்பா ஒரு வெளிச்சம் மினுக்மினுக்குன்னுச்சி. அப்புறம் அணைஞ்சி போச்சி. இன்னான்னு புரியல. மேஸ்திரி வந்து, அவரு பேசினதெல்லாம் அதுக்குள்ள இருக்குதுன்னு கேட்டப்புறம்தான் தெரியும். இல்லன்னுட்டேன்."

"ஏம்மா? உங்க மேல பழி இருக்குதே. அதுல உண்மை இருக்கலாமே."

"இருக்கலாம்." மேரிசெல்வி பாத்தியைப் பார்த்தாள். "நான் சொன்னதுக்கு அவரு இன்னா சொன்னாருன்னும் இருக்கலாம். 'சரி செல்வி, செத்துடறேன்'னு சொல்லியிருந்தா? அத எம் பொண்ணு கேக்கணுமா? கேக்காத வரைக்கும் ஒரு பாதி நம்பிக்கையாவது எனக்கு மிச்சம் இருக்குதும்மா. கேட்டா அதுவும் போயிடும்."

தூரத்தில் மோட்டார் ஓடும் சத்தம் கேட்டது. அவள் தோள் ஒடுங்கியது.

"உங்களுக்கு ஒரு பாதி மிச்சம்" என்றாள் தையல்நாயகி. "உங்க பொண்ணுக்கு ஒண்ணுமே இல்ல. அப்பாவும் இல்ல, அம்மாவும் இல்ல."

மேரிசெல்வி பலகையை வரப்பில் சாய்த்து வைத்தாள். பிறகு பையிலிருந்து பால் கவரில் சுற்றிய ஒன்றை எடுத்தாள். சட்டையிலிருந்து ஊக்கு நழுவி உப்பில் விழுந்தது. தேசப்பன் குனிந்து அதை எடுத்து, துடைத்து, இரண்டு கையாலும் அவளிடம் கொடுத்தான்.

*

மேரிசெல்வியின் வீட்டில் ஒரே அறை. கலைமதி லேப்டாப்பைத் தரையில் வைத்து மைக்கை அதோடு இணைத்தாள். செத்துக் கிடந்த மைக்குக்கு உயிர் வர நேரம் பிடித்தது. பிரியதர்ஷினி ஒரு சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். அம்மா எதிர்ச் சுவரில். தையல்நாயகி கேட்டுக்கொண்டபடி தேசப்பன் குப்புசாமியை அழைத்து வந்திருந்தான். அவர் உள்ளே வரவில்லை. வாசலிலேயே நின்றார்.

சிவப்பு விளக்கு மினுக்கியது. சவரிமுத்து அறைக்குள் நடந்தார்.

"இது வாய்க்கா... இது குவியல். உப்பு மேல ஓலையும் தார்ப்பாயும் போட்டிருக்குது." மூச்சு வாங்கும் சத்தம். சட்டை உரசும் சத்தம். பிறகு குரல் கொஞ்சம் தாழ்ந்தது. மைக் இருப்பதை அவர் மறந்துவிட்டிருந்தார்; அல்லது மறக்காமலே பேசினார். "அதோ, அந்தக் கடைசிப் பாத்தியில மஞ்சத் துண்டு. அது மேரிசெல்வி. காலையில திட்டினா. வயரு தோலு உரிஞ்சிக் கெடக்குது, மாத்தச் சொல்லு, மாத்தச் சொல்லுன்னு தெனம் சொல்லுவா. நான் வாயத் தொறக்க மாட்டேன். கோவம் வராதா பின்ன? நியாயந்தான். இன்னிக்கி சொல்லிடணும். திரும்பும்போது நல்ல மீனா ரெண்டு வாங்கினு போனா சிரிச்சிடுவா."

பிரியதர்ஷினி கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

துணி அசைந்தது. சட்டை ஆணியில் மாட்டப்பட்டது. இப்போது குரல்கள் இரண்டு.

"மேஸ்திரி, இந்த வயர மாத்தச் சொல்லுங்க. எம் பொண்டாட்டி வுட மாட்டேங்கறா."

"சொல்றேன்டா, சொல்றேன்." அது குப்புசாமியின் குரல். மிக அருகில். சுவிட்ச் போர்டின் அருகில்.

"ஆஃப் பண்ணிட்டீங்களா? அடியில பாசி அடைச்சிக்கிச்சி. எடுத்துட்டு வந்துடறேன்."

"பண்ணிட்டேன். எறங்கு."

தண்ணீரில் இறங்கும் சத்தம் தூரத்தில் கேட்டது. பிறகு ஒரு போன் மணி. மிக அருகில்.

"ஆங், மொதலாளி. கரண்டு வந்துடுச்சி. ஓடுது, ஓடிக்கினே இருக்குது... சத்தம் கேக்கலியா?... ஐயோ, ஓடுது மொதலாளி. இருங்க. இதோ, போன மோட்டாராண்ட வெக்கிறேன். கேளுங்க."

கிளிக்.

மோட்டார் உறுமியது.

கலைமதியின் கை நிறுத்தப் போனது. "வேணாம்" என்றாள் மேரிசெல்வி.

மோட்டார் சில நொடிகள் ஓடியது. வேறு எந்தச் சத்தமும் இல்லை. ஒரு கூப்பாடுகூட இல்லை. மறுபடி கிளிக். "கேட்டிங்களா மொதலாளி? ஆங், சரி" என்ற குரலில் ஒரு நிம்மதி. பிறகு காலடி. பிறகு அதே குரல், வேறொரு ஆளின் குரல் போல:

"சவரி... டேய், சவரி. டேய்!"

வாசலில் குப்புசாமி அப்படியே மடங்கி உட்கார்ந்துவிட்டார்.

"ஒரு நிமிசம்... சத்தம் கேட்டாப் போதும்னுதான்... அவன் தண்ணியில இருக்கான்னு அந்த ஒரு நிமிசம் மறந்துட்டேன்மா. போன்ல பேசிக்கினே மறந்துட்டேன். அவன் என் கூட்டாளி. அந்த மைக்கத் தேடினது அழிக்கறதுக்குத்தான். இப்ப பொய் சொல்லல. ஆனா அவன் கொரல அழிக்க எனக்கு மனசு வராது, தேடும்போதெல்லாம் கெடைக்கக் கூடாதுன்னும் வேண்டிக்கினேன்."

அவர் சட்டைப் பையில் போன் அடித்தது. யாரும் அசையவில்லை. அது அடித்துக்கொண்டே இருந்தது. தேசப்பன் போய், அவர் பையிலிருந்து அதை எடுத்து, அணைத்தான்.

"நாளைக்கி நாங்க ஸ்டேஷனுக்குப் போறோம்" என்றாள் தையல்நாயகி. "நீங்களே முன்னால போயி சொல்லிடுங்க மேஸ்திரி."

அவர் தலையாட்டினார். சுவரைப் பிடித்து எழுந்து போனார்.

மகள் கேட்ட கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது. தையல்நாயகிக்கு அந்த வெற்றியில் ருசி இல்லை. கிராம்பு டப்பாவைத் திறந்து பார்த்துவிட்டு மூடினாள்.

பிரியதர்ஷினி எழுந்தாள். மூலையில் கட்டியிருந்த கயிற்றில், துணிகளுக்கு அடியில், தேடினாள். அன்றைக்குப் பிறகு யாரும் தொடாத மஞ்சள் துண்டை உருவி எடுத்தாள். அம்மா தலையில் இருந்த நிறம் போன துண்டை அவிழ்த்துவிட்டு, மஞ்சளைக் கட்டினாள். முடிச்சு சரியாக விழவில்லை. மறுபடி கட்டினாள்.

"சாப்ட்டியாம்மா?" என்று கேட்டாள்.

மேரிசெல்வி மகளின் கையைப் பிடித்துத் தன் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டாள். கலைமதியைப் பார்த்தாள்.

"அந்த மோட்டார் எல்லாம் வேணாம் கண்ணு. மொதல்ல நடந்து போனாரே, அத மட்டும் இன்னொரு தரம் போடறியா?"

கலைமதி கண்ணைத் துடைத்துக்கொண்டு பின்னால் தள்ளி ஓட விட்டாள். காற்று. உப்பின் மேல் நடக்கிற கால்கள். ஒரு மனிதர், வெட்கத்தோடு, தன் உலகத்துக்குப் பெயர் சொல்லிக்கொண்டு போனார்.

"இது வரப்பு. இது வாய்க்கா... அது மேரிசெல்வி."